இருபது மொச்சை, ஒரு நாணயம்: என்ட்ரோபியும் இரைச்சலும் செய்து பார்க்க

கோத்தகிரியில் ஐப்பசி பிறந்துவிட்டால் பிள்ளைகளை வெளியே விட முடியாது. மழை விட்டால் மூடுபனி, பனி விலகினால் மழை. நடுவில் கரண்ட்டும் போய்விடும். அப்படி ஒரு மதியம், பக்கத்து வீட்டு ஒன்பதாம் வகுப்புப் பையன் "அண்ணா, என்ட்ரோபின்னா என்ன?" என்றான். அடுப்படிச் சாமானை வைத்தே செய்து காட்டியது இது.

வேண்டியவை: காய்ந்த மொச்சை 20, டம்ளர் 2, துண்டுச் சீட்டு 20, ஒரு துணிப்பை, நாணயம், நோட்டு.

படி 1: மொச்சைகளில் 1 முதல் 20 வரை எண் எழுதுங்கள், சீட்டுகளிலும் அப்படியே. மொச்சை எல்லாம் இடது டம்ளரில், சீட்டுகள் பைக்குள்.

படி 2: பையைக் குலுக்கி ஒரு சீட்டு எடுங்கள். அந்த எண்ணுள்ள மொச்சை எந்த டம்ளரில் இருந்தாலும் மற்றதுக்கு மாற்றுங்கள். இடது டம்ளரில் மிச்சம் எத்தனை என்று குறியுங்கள். சீட்டைத் திரும்பப் பைக்குள் போடுங்கள். இதை மறந்துதான் முதல் தடவை சொதப்பினேன். இருபதாவது சீட்டோடு மொச்சை மொத்தமும் ஒழுங்காக வலது டம்ளருக்குப் போய்விட்டது. பையன் கைதட்டினான்.

படி 3: நூறு முறையாவது செய்யுங்கள். எண்ணிக்கை 20, 19, 18 என்று மளமளவென இறங்கி, பத்தை நெருங்கியதும் அங்கேயே தள்ளாடும். யாரும் அதைப் பத்துக்கு இழுக்கவில்லை. இருபதும் இடது டம்ளரில் இருக்க ஒரே வழி. இங்கே பத்து, அங்கே பத்து என்றிருக்க 1,84,756 வழிகள். பார்க்காமல் எடுக்கிற கை, வழி அதிகமுள்ள பக்கம் போய்ச் சேருகிறது. அந்த வழிகளின் எண்ணிக்கைக்கு மடக்கை (log) எடுத்து ஒரு மாறிலியால் பெருக்கினால், இயற்பியலாளர் போல்ட்ஸ்மனின் என்ட்ரோபி. "ஒழுங்கின்மை" என்று மனப்பாடம் செய்வதைவிட, "எத்தனை வழி?" என்று கேட்டுப் பழகுவது நல்லது.

பழையபடி இருபதும் இடப்பக்கம் வராதா? வரும். சராசரியாக 10,48,576 சீட்டு எடுக்க வேண்டும். ஐந்து நொடிக்கு ஒன்றாக ராப்பகல் எடுத்தாலும் இரண்டு மாதம்! 1907-ல் பால், தத்யானா எரன்ஃபெஸ்ட் தம்பதி கொடுத்த கணக்கு இது. இரண்டு நாய்களுக்கு இடையே தாவும் தெள்ளுப்பூச்சிகளாகவும் இதைச் சொல்வார்கள்.

படி 4: இனி இரைச்சல். சந்தையில் ராகியைப் படியில் (இது அளக்கிற படி) அளப்பதைக் கவனித்திருப்பீர்கள். தட்டாமல் அளந்தால் மணிகளுக்கு நடுவே இடைவெளி நிற்கும். லேசாக இரண்டு தட்டு தட்டினால் தானியம் இறங்கும். ஓங்கி அடித்தால் சிந்தும். எந்த மணி எங்கே போக வேண்டும் என்று தட்டுகிற கைக்குத் தெரியாது. மாட்டிக்கொண்டதை அசைத்துவிடுகிறது, அவ்வளவுதான்.

இதையே நாணயத்தால் பார்க்கலாம். மதிப்பு 7-ஐத் தொட்டால் அடிக்கும் மணி ஒன்று இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். மணிக்கு வந்து சேரும் மதிப்புதான் சமிக்ஞை: முதல் பத்துச் சுற்றுக்கு 1, அடுத்த பத்துக்கு 3. மணி அடிக்கவே அடிக்காது. இப்போது ஒவ்வொரு சுற்றுக்கும் நாணயம் சுண்டுங்கள்: தலை என்றால் 2 கூட்டுங்கள், பூ என்றால் 2 கழியுங்கள். இதுதான் இரைச்சல். மூன்றும் இரண்டும் ஐந்துதான். இன்னும் மௌனம்.

படி 5: இரண்டுக்குப் பதில் 4. சமிக்ஞை 1 என்றால் ஐந்தைத் தாண்டாது. 3 என்றால் தலை விழும்போதெல்லாம் மணி அடிக்கும். பத்துக்கு ஏறக்குறைய ஐந்து. கேட்காமலே இருந்த சமிக்ஞையை இரைச்சல் கேட்க வைத்துவிட்டது! ஒரு சுண்டலை வைத்து முடிவு கட்டாதீர்கள், பத்தையும் சேர்த்துப் பாருங்கள். ஊட்டி முத்தோரையில் 1970 முதல் இருக்கும் 530 மீட்டர் நீள ரேடியோ தொலைநோக்கியிலும் வானத்தின் மெல்லிய சமிக்ஞைகளை இப்படிச் சேர்த்துச் சேர்த்துத்தான் இரைச்சலிலிருந்து பிரிக்கிறார்கள்.

படி 6: இப்போது 10. ஒன்றுக்கும் அடிக்கும், மூன்றுக்கும் அடிக்கும், இரண்டிலும் பாதிக்குப் பாதி. எது எது என்று பிரிக்க முடியாது. ராகி சிந்திவிட்டது.

அளவான இரைச்சல் மெல்லிய சமிக்ஞையைக் கேட்க வைக்கும் இந்த விளைவின் பெயர் ஸ்டோகாஸ்டிக் ரெசொனன்ஸ். பூமியின் சுற்றுப்பாதை மாற்றம் தரும் மெல்லிய உந்துதலை வானிலையின் தாறுமாறான ஏற்ற இறக்கம் தூக்கிவிட்டதால்தான் சுமார் 1,00,000 ஆண்டுக்கு ஒருமுறை பனியுகம் வந்ததோ என்று 1981-ல் பென்சி முதலிய இத்தாலிய ஆய்வாளர்கள் கேட்ட கேள்வியிலிருந்து பிறந்தது.

நாலுக்கும் பத்துக்கும் நடுவில் எந்த எண்ணில் குழப்பம் தொடங்குகிறது? பையன் ஐந்தைப் போட்டு முடிப்பதற்குள் கரண்ட் வந்துவிட்டது, டிவிக்கு ஓடிவிட்டான். ஆறை நீங்கள் போட்டுப் பாருங்கள்.