மரத்தரையா லேமினேட்டா? வாங்குறதுக்கு முன்னாடி தவிர்க்க வேண்டிய தவறுகள்

கடையில உள்ளங்கை அகலத்துக்கு ஒரு சாம்பிள் குடுப்பாங்க, அதை வெளிச்சத்துல திருப்பித் திருப்பிப் பார்த்துட்டு, கலர் புடிச்சிருக்கு, சுவத்து பெயின்ட்டுக்கு ஒத்துப்போகுதுன்னு ஆர்டர் குடுத்துட்டு வந்துடறோம். தரை விஷயத்துல நடக்கிற முக்கால்வாசி தப்பு அங்கயே ஆரம்பிச்சிடுது. புதுசா போட்ட அன்னிக்கு எல்லா தரையும் அழகாத்தான் இருக்கும். நாம கேக்க வேண்டிய கேள்வி ஒண்ணே ஒண்ணுதான், இந்த தரை கெட்டுப்போனா எப்படி கெட்டுப்போகும், அப்போ நம்மால என்ன பண்ண முடியும்? இந்தக் கேள்விக்கு மரத்தரை சொல்ற பதில் வேற, லேமினேட் சொல்ற பதில் வேற.

மொதல் தப்பு, எது என்னன்னு தெரியாம வாங்குறது. மரத்தரை, அதாவது கடையில ஹார்ட்வுட்னு சொல்றது, மேலருந்து கீழ வரைக்கும் ஒரே மரம், சாதாரணமா 18, 19 மில்லிமீட்டர் கனம். லேமினேட்ல மேல மரமே கிடையாது. மரத்தைப் போட்டோ எடுத்து அச்சடிச்ச ஒரு பேப்பர், அதுக்கு மேல மெலமைன் ரெசின்ல ஊறின ஒரு கண்ணாடி மாதிரி லேயர், நடுவுல மரத்தூள் நாரை அழுத்தி செஞ்ச எச்டிஎஃப் பலகை, அடியில வளையாம இருக்க இன்னொரு லேயர். இதை 1977-ல கண்டுபுடிச்சது ஸ்வீடன்ல பெர்ஸ்டார்ப் கம்பெனி, அவங்க ஏற்கனவே மேஜை, மேடை மேல ஒட்டுற லேமினேட் செஞ்சுக்கிட்டு இருந்தவங்க, அதையே தரைக்குக் கொண்டுவந்தாங்க. இதைச் சொல்றதுக்கு காரணம் இருக்கு, நெறைய பேர் லேமினேட்டை பிளாஸ்டிக்னு நெனச்சு தண்ணி பட்டா ஒண்ணும் ஆகாதுன்னு நம்பிடறாங்க. மேல் தோல்தான் அப்படி. உள்ள இருக்கிறது மர நார், தண்ணியைக் குடிச்சா உப்பும். தண்ணிக்கு பயப்படாத பிளாங்க் வேணும்னா அது வினைல், அது தனி ஜாதி, பக்கத்து ரேக்லயே அதே மாதிரி டிசைன்ல அடுக்கி வச்சிருப்பாங்க, கேட்டு தெளிவு பண்ணிக்கோங்க.

எங்க வீட்ல நடந்ததையே சொல்றேன். ஃப்ரிட்ஜுக்கு பின்னாடி ஒரு சின்ன பைப்ல சொட்டு சொட்டா ஒழுகியிருக்கு, எத்தனை நாளா ஒழுகுச்சோ தெரியாது, ஏன்னா தண்ணி மேல வரவே இல்ல, நேரா ஜாயின்ட் வழியா அடியில போயிடுச்சு. கண்ணுக்கு எதுவும் தெரியல, மொதல்ல காலுக்குத்தான் தெரிஞ்சுது. வெறுங்கால்ல நடக்கும்போது ரெண்டு பலகை சேர்ற எடத்துல ஒரு மெல்லிசான வரப்பு மாதிரி தட்டுச்சு. குனிஞ்சு நகத்தை வச்சு இழுத்துப் பார்த்தேன், ஓரம் ரெண்டும் மேல தூக்கியிருந்துச்சு, மேல இருந்த பிரிண்ட் லேசா வெளுத்து விரிஞ்சிருந்துச்சு. பலகையைக் கழட்டினப்போ அடிப்பக்கம் ஊறின அட்டை மாதிரி விரல்லயே பிஞ்சு வந்துச்சு. காய வச்சா சரியாயிடும்னு ஃபேன் போட்டு ரெண்டு வாரம் விட்டேன், சரியாகல. ஆகவும் ஆகாது, ஒரு தடவை உப்பின எச்டிஎஃப் பழையபடி சுருங்காது. அந்த பலகைகளை மாத்துறது ஒண்ணுதான் வழி.

இப்போ வர்ற சில லேமினேட்ல இத்தனை மணி நேரம் தண்ணி நின்னாலும் தாங்கும்னு பாக்ஸ்ல போட்டிருப்பாங்க. அது மேல கொட்டின தண்ணிக்குத்தான், ஜாயின்ட்ல வாக்ஸ் பூசியிருக்கிறதால தாங்குது. அடியிலருந்து வர்ற ஈரத்துக்கும் சுவரோரம் உள்ள போற தண்ணிக்கும் அந்த வாக்குறுதி பொருந்தாது. வாங்குறதுக்கு முன்னாடி சாம்பிளை ரெண்டா வெட்டி ஒரு துண்டை ராத்திரி முழுக்க தண்ணில போட்டு காலைல மத்த துண்டோட பக்கத்துல வச்சுப் பாருங்க. வீட்ல யாரும் தரையை ராத்திரி முழுக்க ஊற வைக்கப்போறதில்ல, ஆனா எந்த பிராண்டு எவ்வளவு உப்புதுன்னு ஒப்பிட்டுப் பாக்க இதைவிட நேர்மையான சோதனை எனக்குத் தெரியல.

அப்போ மரத்தரை தண்ணிக்கு நல்லதான்னு கேட்டா, அதுவும் இல்ல, ஆனா அது கெட்டுப்போற விதம் வேற. ஈரம் அடியிலருந்து ஏறினா ஒவ்வொரு பலகையும் ஓரம் தூக்கி நடுவுல குழிஞ்சு ஓடு மாதிரி ஆயிடும். பாக்க பயமா இருக்கும். ஆனா ஒழுகுறதை நிறுத்திட்டு பொறுமையா காய விட்டா பல நேரம் பெருமளவு தானா படிஞ்சுடும். இங்கதான் பெரிய தப்பு பண்ணுவாங்க, ஓரம் தூக்கியிருக்கேன்னு உடனே ஆள் கூட்டிட்டு வந்து மெஷின் போட்டு தேய்ச்சு மட்டம் பண்ணிடுவாங்க. உள்ள ஈரம் இருக்கும்போது ஓரத்தை தேய்ச்சு எடுத்துட்டா, காய்ஞ்சதுக்கப்புறம் ஓரம் தாழ்ந்து நடு மேடாயிடும், அப்புறம் மறுபடி தேய்க்கணும், மரமும் போச்சு காசும் போச்சு. ஈரமானி வச்சுப் பார்த்து மரம் பழைய அளவுக்கு வந்ததுக்கப்புறம்தான் உப்புத்தாள் பக்கமே போகணும்.

அடுத்தது, விலை ஜாஸ்தி, அதனால கீறல் விழாதுங்கிற நம்பிக்கை. நேர்மாறா இருக்கும். லேமினேட்டோட மேல் லேயர்ல அலுமினியம் ஆக்சைடு துகள் கலந்திருக்கு, உப்புத்தாள்லயே போடுற சமாச்சாரம் அது, அதனால நாற்காலி இழுத்தாலும் நாய் ஓடினாலும் லேசுல கோடு விழாது. மரத்துல விழும். எந்த மரம்ங்கிறதைப் பொறுத்து கூடக் கொறைய விழும். மரத்தோட கடினத்தை அளக்க ஜன்கான்னு ஒரு அளவு இருக்கு, 11.28 மில்லிமீட்டர் இரும்பு குண்டை மரத்துல பாதி அளவுக்கு அழுத்தி இறக்க எத்தனை பவுண்டு விசை வேணும்னு பாக்குறது. ஹார்டு மேப்பிள் 1450, ரெட் ஓக் 1290, தேக்கு 1000-க்கு கொஞ்சம் மேல, வால்நட் 1010, வெள்ளை பைன் வெறும் 380. ஹை ஹீல்ஸ் போட்டு ஒரு தடவை நடந்தா பைன்ல தடம் விழுந்துடும். இதுல ஒண்ணு கவனிங்க, தேக்கு ரொம்ப கெட்டியான மரம்னு நாம நெனைக்கிறோம், ஆனா அழுத்தினா குழி விழறதுல அது ஓக்கை விட மென்மைதான். அதோட பெருமை எண்ணெய்ப்பசையில இருக்கு, கரையானும் ஈரமும் அதை சுலபமா தொடாது, அப்புறம் காய்ஞ்ச தேக்கு அவ்வளவா விரியறதும் இல்ல சுருங்கறதும் இல்ல. தரைக்கு அது முக்கியமான குணம்.

லேமினேட் பக்கம் பண்ற தப்பு, கனத்தைப் பார்த்து உறுதியை முடிவு பண்றது. 12 மில்லிமீட்டர்னா 8 மில்லிமீட்டரை விட ஒண்ணரை மடங்கு உழைக்கும்னு சொல்லி விப்பாங்க. கனம் ஜாஸ்தியா இருந்தா நடக்கும்போது டொக் டொக் சத்தம் கொறையும், ஜாயின்ட் கொஞ்சம் பலமா இருக்கும், அவ்வளவுதான். மேல் தோல் எவ்வளவு தேய்மானம் தாங்கும்னு சொல்றது ஏசி ரேட்டிங், ஐரோப்பாவோட இஎன் 13329 தரத்துல வர்றது. வீட்டுக்கு ஏசி3 போதும், ஹால், படியோரம், குழந்தைங்க விளையாடற எடம்னா ஏசி4. 12 மில்லிமீட்டர் ஏசி3-யும் இருக்கு, 8 மில்லிமீட்டர் ஏசி5-ம் இருக்கு, ரெண்டையும் சேர்த்துப் பாருங்க. ஏசி5 கடை, ஆபீஸுக்கு, அதோட மேல் தோல் சிலதுல கொஞ்சம் சொரசொரன்னு இருக்கும், பெட்ரூமுக்கு எதுக்கு அது.

ரிப்பேர் பத்தி யாருமே முன்கூட்டி யோசிக்கிறதில்ல. மரத்தரை கீறல் விழுந்து, மங்கி, கறை படிஞ்சு எவ்வளவு அசிங்கமானாலும் மெஷின் வச்சு ஒரு மெல்லிய பொடி அளவுக்கு தேய்ச்சு எடுத்து பாலிஷ் போட்டா புதுசு. 19 மில்லிமீட்டர் மரத்துல பக்கத்து பலகைக்குள்ள சொருகுற நாக்குக்கு மேல இருக்கிற ஆறேழு மில்லிமீட்டர்தான் தேய்க்க கிடைக்கும், அதுவே பல தடவைக்கு வரும். லேமினேட்டை ஒரு தடவை கூட தேய்க்க முடியாது, தேய்ச்சா போட்டோ போயிடும், அடியில பழுப்பு பலகை தெரியும். இதுக்கு நடுவுல எஞ்சினியர்டு வுட்னு ஒண்ணு இருக்கு, மேல நெசமான மரம் ஒரு தகடு, அடியில பிளைவுட். இது நெசமாவே நல்ல பொருள், ஈரம் ஏறி இறங்கற எடத்துல முழு மரத்தை விட நல்லா நிக்கும். ஆனா மேல் தகடு ஒரு மில்லிமீட்டருக்கும் கொறைவாவும் வருது, 4, 6 மில்லிமீட்டர்லயும் வருது. மெல்லிசா இருந்தா பேருக்குத்தான் மரம், தேய்க்க முடியாது. மொத்த கனத்தை விடுங்க, மேல் தகடு எத்தனை மில்லின்னு கேளுங்க, பலகையோட பக்கவாட்டைத் திருப்பி கண்ணால பாருங்க.

இப்போ அடித்தளம். என்னைக் கேட்டா எந்த தரை வாங்குறோம்ங்கிறதை விட இது முக்கியம், ஆனா இதுக்கு செலவு பண்ண யாருக்கும் மனசு வராது ஏன்னா போட்டதுக்கப்புறம் கண்ணுக்குத் தெரியாது. ரெண்டு மீட்டர் நீளத்துக்கு மட்டப்பலகையை வச்சுப் பாருங்க, அடியில 3 மில்லிமீட்டருக்கு மேல இடைவெளி தெரிஞ்சா மொதல்ல அதை சரி பண்ணணும். பள்ளம் இருக்கிற எடத்துல லேமினேட் ஒவ்வொரு காலடிக்கும் கீழ அமுங்கி மேல எழும்பும், கொஞ்ச நாள்ல பலகையைப் பலகையோட மாட்டி வைக்கிற கிளிக் லாக் ஒடைஞ்சு ஜாயின்ட் பிரியும். பள்ளத்தை மறைக்க, பலகைக்கு அடியில விரிக்கிற ஃபோமை ரெண்டு லேயர் போடுவாங்க சில பேர், அது இன்னும் மோசம், மெத்து மெத்துன்னு இருக்கேன்னு சந்தோஷமா இருக்கும், லாக் சீக்கிரம் போயிடும். 2, 3 மில்லிமீட்டர் ஃபோம் ஒரே லேயர் போதும்.

கான்கிரீட் மேல போடறதா இருந்தா ஈரம் பாக்காம போடவே கூடாது. புது கான்கிரீட் மேல காஞ்ச மாதிரி இருக்கும், உள்ள மாசக்கணக்குல ஈரம் இருக்கும், ஒரு இன்ச் கனத்துக்கு ஒரு மாசம்னு ஒரு தோராயக் கணக்கு சொல்வாங்க. ஒண்ணரை அடிக்கு ஒண்ணரை அடி பிளாஸ்டிக் ஷீட்டை நாலு பக்கமும் டேப் போட்டு தரையில ஒட்டி ஒரு நாள் விட்டு எடுத்துப் பாருங்க, அடியில வேர்த்திருந்தாலோ தரை கறுத்திருந்தாலோ இன்னும் தயாராகல. வேர்க்கலன்னா மட்டும் போதும்னு நெனச்சுடாதீங்க, மரம் ஒட்டறதா இருந்தா மீட்டர் வச்சு அளந்தே ஆகணும். லேமினேட்டுக்கு அடியில 200 மைக்ரான் பாலித்தீன் ஷீட் போட்டு ஓரம் ஒண்ணு மேல ஒண்ணு ஏறுற மாதிரி ஒட்டிடுங்க.

லாரியிலருந்து இறக்கின அன்னிக்கே போட ஆரம்பிக்கிறதும் தப்புதான். லேமினேட் பாக்ஸை ரெண்டு நாள் அந்த ரூம்லயே படுக்க வச்சு வைங்க. மரத்துக்கு நாள் கணக்கு கிடையாது, மரத்தோட ஈரமும் அடித்தளத்தோட ஈரமும் கிட்ட வர்ற வரைக்கும் காத்திருக்கணும். போட்டதுக்கப்புறமும் ரூம்ல காத்தோட ஈரப்பதம் வருஷம் முழுக்க 35-லருந்து 55 சதவீதத்துக்குள்ள இருந்தா மரம் நிம்மதியா இருக்கும், அதுக்கு மேல ரொம்ப ஏறி இறங்கற வீடுன்னா அகலமான முழு மரப்பலகையை நான் சொல்ல மாட்டேன். அகலம் ஜாஸ்தியாக ஜாஸ்தியாக இடுக்கும் பெருசா தெரியும்.

சுவரோரம் இடைவெளி விடச் சொன்னா வேலைக்கு வர்றவர் சில சமயம் நெருக்கமா போட்டாத்தான் அழகுன்னு சுவத்தோட ஒட்டிடுவார். லேமினேட்டும் விரியும், 8லருந்து 10 மில்லிமீட்டர் சுத்திலும் விடணும், முழு மரத்துக்கு அதைவிட ஜாஸ்தி, ஸ்கர்ட்டிங் அதை மறைச்சிடும். விடலன்னா ஒரு ஈரமான மாசத்துல ரூம் நடுவுல தரை கூடாரம் மாதிரி எழும்பி நிக்கும். இதே காரணத்துக்காக கிச்சன் கேபினட்டை லேமினேட் மேல வச்சு ஸ்க்ரூ போட்டு இறுக்காதீங்க, அந்த தரை மிதக்கிற தரை, அதாவது அடித்தளத்தோட ஒட்டாம சும்மா மேல கிடக்கிறது, ஒரு எடத்துல ஆணி அடிச்சு புடிச்சா இன்னொரு எடத்துல பிரியும். கேபினட் மொதல்ல, தரை அதுக்கு அப்புறம்.

துடைக்கிறதுல ரெண்டுக்கும் ஒரே விதி, நல்லா பிழிஞ்ச துணி. ஸ்டீம் மாப் ரெண்டுக்குமே ஆகாது, சூடான ஆவியை ஜாயின்ட்டுக்குள்ள அழுத்தி அனுப்புறது அது.

எந்த வீட்டுக்கு எதுன்னு கேட்டா என் அபிப்ராயம் இது. ரொம்ப வருஷம் இருக்கப்போற வீடு, ஈரம் கட்டுக்குள்ள இருக்கு, பத்து பதினஞ்சு வருஷத்துக்கு ஒரு தடவை வீட்டைக் காலி பண்ணி தேய்ச்சு பாலிஷ் போட மனசு இருக்குன்னா மரம், இல்லன்னா தடிமனான மேல் தகடு இருக்கிற எஞ்சினியர்டு. சின்ன குழந்தைங்க, நாய், கொஞ்ச வருஷத்துல வீடு மாறுவோம், கீறலைப் பார்த்தா மனசு தாங்காதுங்கிறவங்களுக்கு லேமினேட், அதுல ஒரு கொறையும் இல்ல, ஆனா பாத்ரூம்லயும் துணி துவைக்கிற எடத்துலயும் ரெண்டுமே வேண்டாம். எச்டிஎஃப் பிசின்லருந்து ஃபார்மால்டிஹைடுங்கிற கெட்ட வாயு வரும்ங்கிறதால, அது கம்மியாத்தான் வரும்னு காட்டுற இ1 முத்திரை லேமினேட் பாக்ஸ்ல இருக்கான்னும் பார்த்துக்கோங்க.

ஆர்டர் குடுக்கும்போது அளவை விட 10 சதவீதம் கூட வாங்குங்க, சாய்வாவோ, மீன் முள்ளு மாதிரி அடுக்குற ஹெரிங்போனாவோ போடறதா இருந்தா 15. வேலை முடிஞ்சதும் மிச்ச பாக்ஸை ரிட்டர்ன் பண்ணிடாதீங்க, முக்கியமா லேமினேட்னா. ரெண்டு மூணு வருஷம் கழிச்சு அதே டிசைன் கிடைச்சாக்கூட லாக்கோட வடிவம் மாறியிருந்தா உங்க பலகையோட அது சேராது. எங்க வீட்ல ஃப்ரிட்ஜ் பக்கத்துல கெட்டுப்போன அஞ்சு பலகைக்கு மாத்து கிடைச்சதே பரண்ல ஒரு பாக்ஸ் மிச்சம் இருந்ததாலதான். நிக்க வச்சா வளைஞ்சிடும், காஞ்ச எடத்துல படுக்க வச்சு, பாக்ஸ் மேல இருக்கிற பேட்ச் நம்பரை ஒரு போட்டோ எடுத்து வச்சுக்கோங்க.