பேப்பர் பிளேட்டை அமெரிக்காவில் இறக்கும் முன்: ஆன்டி டம்பிங் வரிக் கணக்கு

சீனா, தாய்லாந்து, வியட்நாமில் செய்த பேப்பர் பிளேட்டுக்கு அமெரிக்கா 2025-இல் ஆன்டி டம்பிங் வரி (நியாயமான விலைக்கும் குறைவாக விற்கப்படும் இறக்குமதி மீதான கூடுதல் வரி) விதித்தது. இதைப் பார்க்க வேண்டிய நேரம், ஆர்டர் கொடுப்பதற்கு முன்பு. சரக்கு துறைமுகத்துக்கு வந்த பிறகு பணம் கட்டுவதைத் தவிர வேறு வழியிருக்காது.

முதலில் ஒரு சாம்பிளை அளந்து பாருங்கள். எச்.எஸ். எண்ணை (சுங்கத்தில் பொருளை வகைப்படுத்தும் எண்) வைத்து வாதாட முடியாது. வரி உத்தரவில் உள்ள பொருள் வர்ணனைதான் செல்லும். அடியிலிருந்து விளிம்பு வரை 2 அங்குல ஆழம் உள்ளவை வரை பிளேட்தான். ஆழம் 1.25 அங்குலத்துக்குக் குறையாமல் 2 அங்குலத்துக்குள் இருந்து, வட்ட அடிப்பாகத்தின் விட்டமும் 5 அங்குலத்தைத் தாண்டாவிட்டால் விலக்கு உண்டு. கூழை நேரடியாக அச்சில் வார்த்த தட்டும் இதில் வராது. அதற்காகக் கூழ்த் தட்டுக்குத் தாவிவிட வேண்டாம்: சீனா, வியட்நாமிலிருந்து வரும் அவற்றின் மீது 2024-இல் தனி விசாரணை தொடங்கியது. சந்தேகம் இருந்தால் அமெரிக்க வணிகத் துறையிடம் ஸ்கோப் ரூலிங் (உங்கள் பொருள் உத்தரவில் வருமா என்ற அதிகாரபூர்வ முடிவு) கேட்டுவிடுங்கள்.

அடுத்தது விகிதம். பெரும்பாலானோர் சறுக்குவது இங்கேதான். சீனா, வியட்நாம் சரக்குக்கு உற்பத்தியாளர், ஏற்றுமதியாளர் இரண்டு பெயரும் ஜோடியாக உத்தரவின் விகிதப் பட்டியலில் இருந்தால்தான் குறைந்த விகிதம் கிடைக்கும். டிரேடிங் கம்பெனி நடுவில் ஃபேக்டரியை மாற்றினால் ஜோடி உடைந்து, நாடு முழுவதற்குமான உயர்ந்த விகிதம் விழும். ஒவ்வொரு இன்வாய்ஸிலும் ஃபேக்டரி பெயரை எழுத வையுங்கள். மலேசியாவில் வெறுமனே பேக்கிங் மாற்றினால் பிறப்பிட நாடு மாறாது. அப்படி அனுப்புவது வரி ஏய்ப்பு விசாரணையில்தான் முடியும்.

சுங்கத்தில் தாக்கல் செய்யும் என்ட்ரியின் வகை 01 (சாதாரண இறக்குமதி) அல்ல, 03 (இந்த வரிகள் உள்ள சரக்கு). வரி உத்தரவின் வழக்கு எண்ணைக் குறிப்பிட்டு டெபாசிட்டை (வரிக்கான முன்பணம்) ரொக்கமாகக் கட்ட வேண்டும். சீனா, வியட்நாம் சரக்கென்றால் மானிய ஈட்டு வரிக்கு (அந்த நாட்டு அரசு தந்த மானியத்தை ஈடுகட்டும் வரி) தனி எண், தனி டெபாசிட்.

டெபாசிட் கட்டியதோடு கணக்கு தீராது. உத்தரவு வந்த மாதத்தில் ஆண்டுதோறும் மறுஆய்வு கேட்கலாம். அதில் விகிதம் ஏறினால் வித்தியாசம் வட்டியோடு உங்களுக்குப் பில்லாக வரும். டெபாசிட்டை மட்டும் கூட்டி விற்பனை விலை வைத்தவருக்கு அப்போது லாபமே மிஞ்சாது.

இன்னொரு தாள் இருக்கிறது, பலர் மறப்பது: ஏற்றுமதியாளர் இந்த வரியைத் திருப்பித் தரவில்லை என்ற சான்றிதழ். லிக்விடேஷனுக்கு (சுங்கம் வரிக் கணக்கை இறுதியாக முடிப்பது) முன் அது சுங்கத்திடம் போகாவிட்டால், திருப்பித் தந்ததாகவே எடுத்துக்கொண்டு ஆன்டி டம்பிங் வரியை இரட்டிப்பாக்குவார்கள். பேப்பர் ரோல் வாங்கிய பில், உற்பத்திப் பதிவு, பணம் அனுப்பிய ரசீது எல்லாவற்றையும் 5 ஆண்டு வைத்திருங்கள்.