வீரராக இருந்து பயிற்சியாளரானவரின் வாழ்க்கைக் குறிப்பை எழுதுவது எப்படி: இகோர் ஸ்டிமாக்கை முன்வைத்து

முதலில் ஆட்டக் காலத்தையும் பயிற்சிக் காலத்தையும் தனித்தனியே தொகுத்துக்கொள்ளுங்கள். குரோஷியக் கால்பந்து வீரரும் பின்னாளில் இந்திய அணியின் பயிற்சியாளருமான ஸ்டிமாக் 1987-இல் சிலியில் இளையோர் உலகக் கோப்பையை வென்றது, அப்போது குரோஷியாவையும் உள்ளடக்கியிருந்த யூகோஸ்லாவியாவின் அணிக்காக. 1998-இல் பிரான்சில் நடந்த உலகக் கோப்பையில் மூன்றாமிடம் பெற்றது குரோஷியாவுக்காக. ஆகவே ஒவ்வொரு ஆண்டுக்கும் எதிரே நாட்டின் பெயரையும் குறிக்க வேண்டும்.

கழக ஆட்டங்களில் எல்லாவற்றையும் அடுக்காமல், திருப்பம் நேர்ந்த இடத்தில் நின்று எழுதுங்கள். 1995-இல் இங்கிலாந்துக் கழகமான டெர்பி கவுண்டிக்காக அவர் களமிறங்கிய முதல் ஆட்டத்தில், தற்காப்பு வீரரான அவரே ஒரு கோல் அடித்தும், அணி டிரான்மியரிடம் 5-1 எனத் தோற்றது. அதன்பின் தொடர்ந்து இருபது லீக் ஆட்டங்களில் தோல்வியே காணாமல் அப்பருவத்தின் முடிவில் இங்கிலாந்தின் முதல்நிலைப் போட்டியான பிரீமியர் லீகுக்கு உயர்ந்தது. கோல் கணக்கை மட்டும் பார்த்தால் இது புலப்படாது.

பயிற்சிக் காலத்தை எழுதுகையில் பெருமையை உரியவருக்கே அளியுங்கள். 2014 உலகக் கோப்பைத் தகுதிச் சுற்றில் குரோஷியாவை அதன் பிரிவில் இரண்டாமிடத்தில் நிறுத்தியவர் ஸ்டிமாக்; ஆனால் 2013 அக்டோபரில் அவர் விலக்கப்பட்டதால், ஐஸ்லாந்தை வென்று தகுதி பெற்றபோது பொறுப்பிலிருந்தவர் நிகோ கோவாச்.

இந்தியாவில் 2019 முதல் 2024 வரையிலான காலத்துக்கு 2021, 2023 தெற்காசியக் கோப்பைகளை மட்டும் சொன்னால் போதாது. 2024 ஜூனில் தோகாவில் நடந்த உலகக் கோப்பைத் தகுதிச் சுற்று ஆட்டத்தில் கத்தாரிடம் 2-1 எனத் தோற்றதே அவர் பதவி பறிபோகக் காரணமாயிற்று. அதில் கத்தாரின் முதல் கோலுக்கு முன் பந்து எல்லைக்கோட்டைத் தாண்டிக் களத்துக்கு வெளியே போய்விட்டதாக எழுந்த சர்ச்சையையும் சேர்த்து எழுதுவதே நேர்மை.