ராகி மணியில் துத்தநாகம் ஏற்ற: மடக்குவது எதை, தெளிப்பது எப்போது

துத்தநாக உரமான ஜிங்க் சல்பேட்டை நிலத்தில் போட்டால் பயிர் தேறும், மகசூல் கூடும். மணியில் சத்து ஏற அது மட்டும் போதாது. மணி பால் பிடிக்கும் பருவத்தில் இலைவழித் தெளிப்பும் வேண்டும்.

முதலில் மண் பரிசோதனை அட்டையைப் பாருங்கள். துத்தநாகம் 0.6 பி.பி.எம்-க்கு (பத்து லட்சத்தில் 0.6 பங்குக்கு)க் கீழே இருந்தால் அடியுரமாகப் போடுங்கள். அதன் மிச்சம் அடுத்த பயிருக்கும் இருக்கும். போகத்துக்குப் போகம் கொட்டுவது வீண் செலவு.

அடுத்தது, பயிர்க் கழிவில் உள்ள சத்தை மண்ணுக்குத் திருப்புவது. தருமபுரி, கிருஷ்ணகிரிப் பக்கம் ராகித் தாள் மாட்டுக்குத்தான். அதை உழுதுவிடச் சொன்னால் யாரும் கேட்க மாட்டார்கள், கேட்கவும் வேண்டாம்; எருவாகத் திரும்பினால் போதும். வயலில் மடக்கி உழ வேண்டியவை ராகிக் கட்டை (அறுத்தபின் நிற்கும் அடித்தாள்), ஊடுபயிர் அவரைக் கொடி, துவரைச் சருகு. கோடை மழை ஈரத்தில், விதைப்புக்கு 4 வாரம் முன்பே, ஏக்கருக்கு 10 கிலோ யூரியா தூவி ரோட்டாவேட்டர் ஓட்டுங்கள். கட்டையை மட்கவைக்கும் நுண்ணுயிர்கள் மண்ணின் தழைச்சத்தை (நைட்ரஜனை) இழுத்துக்கொள்வதால், விதைப்பை ஒட்டி மடக்கினால் பயிர் வெளுக்கும். இதைத் துத்தநாகக் குறை என்று எண்ணிவிட வேண்டாம். தழைச்சத்துக் குறையில் அடியிலை நுனியிலிருந்து மஞ்சளாகும். துத்தநாகக் குறை இளம் இலையின் அடிப்பக்கத்தில் வெளிர்பட்டையாகத் தெரியும். மாந்தோப்புச் சருகை நேராக மடக்காதீர்கள், லேசில் மட்காது. குழியில் போட்டு மக்கவையுங்கள்.

ஏக்கருக்கு 21 சதவீத ஜிங்க் சல்பேட் 10 கிலோ. 100 கிலோ மட்கிய எருவில் கலந்து, ஈரம் தெளித்து, நிழலில் 30 நாள் மூடி வைத்து, கடைசி உழவில் போடுங்கள். நேரமில்லையென்றால் மணலில் கலந்து தூவலாம். டி.ஏ.பி., சூப்பர் பாஸ்பேட் போன்ற மணிச்சத்து (பாஸ்பரஸ்) உரங்களோடு மட்டும் கலக்கக் கூடாது. கரையாத ஜிங்க் பாஸ்பேட்டாகிவிடும். மணிச்சத்து மிஞ்சினால் மணியில் பைட்டிக் அமிலமும் ஏறும். அது துத்தநாகத்தைப் பிடித்துக்கொண்டு, தின்றவர் உடம்பில் சேரவிடாது.

தெளிப்பு இரண்டு முறை: கதிர் பூக்கும்போது ஒன்று, பால் பிடிக்கும்போது ஒன்று. 10 லிட்டர் தண்ணீருக்கு ஜிங்க் சல்பேட் 50 கிராம், யூரியா 100 கிராம். ஏக்கருக்கு 200 லிட்டர். தனித்தனியாகக் கரைத்து, துணியில் வடிகட்டி ஊற்றாவிட்டால் நாசில் அடைக்கும். சாயங்காலம் அடியுங்கள், உச்சி வெயிலில் இலை கருகும். மணி முற்றியபின் அடித்துப் பயனில்லை.

கடையில் 33 சதவீத ஜிங்க் சல்பேட் மூட்டை கொடுத்தால் அடியுரம் ஏக்கருக்கு ஆறரை கிலோ, தெளிப்புக்கு 10 லிட்டருக்கு 30 கிராம்.