கடவுச்சொல் மறந்துவிட்டதா? பழைய கணினியிலிருந்து தொடங்குங்கள்

ஒன்பது ஆண்டுகளாக நான் பயன்படுத்திவந்த மின்னஞ்சல் கணக்கு ஒன்று கடந்த மாதம் கைவிட்டுப் போய், மூன்று நாள் அலைச்சலுக்குப் பிறகே திரும்பக் கிடைத்தது. கடவுச்சொல்லை மாற்றிய அடுத்த வாரமே புதிய கைப்பேசிக்கு மாறினேன். அதே வாரத்தில் பயணமும் வந்தது. புதிய கடவுச்சொல் சுத்தமாக நினைவிலிருந்து நழுவிவிட்டது. கணக்கை மீட்டெடுத்த வழியை, முதன்முறையாக இதைச் செய்பவர்களுக்குப் பயன்படும்படி வரிசையாக எழுதுகிறேன்.

நீங்கள் மறந்த பழைய கடவுச்சொல்லை எந்த நல்ல சேவையும் உங்களிடம் திருப்பிச் சொல்லாது. அவர்களிடம் இருப்பது கடவுச்சொல் அன்று. அதிலிருந்து கணக்கிடப்பட்ட, பின்னோக்கிப் பிரிக்க முடியாத ஒரு குறியீடு மட்டுமே. ஆகவே நாம் செய்யப்போவது பழையதைக் கண்டுபிடிப்பதன்று, கணக்கு நம்முடையதுதான் என்று நிறுவிப் புதியதை வைப்பது.

உண்மையிலேயே மறந்துவிட்டதா?

மீட்புப் பக்கத்துக்குப் போகுமுன் இரண்டு நிமிடம் செலவிடுங்கள். கடவுச்சொல் பெட்டியில் எழுத்துகள் புள்ளிகளாகவே தெரிவதால், விசைப்பலகை தமிழுக்கு மாறியிருந்தாலும் பெரிய எழுத்துப் பூட்டு (கேப்ஸ் லாக்) விழுந்திருந்தாலும் நமக்குத் தெரியாது. கண் வடிவச் சின்னத்தை அழுத்தி, தட்டச்சு செய்ததைக் கண்ணால் பாருங்கள். அதன்பின் நீங்கள் வழக்கமாகப் பயன்படுத்தும் உலாவியின் அமைப்புகளில், சேமித்த கடவுச்சொற்களின் பட்டியலைத் திறந்து பாருங்கள். குரோம், ஃபயர்பாக்ஸ், சஃபாரி மூன்றிலும் இந்த வசதி இருக்கிறது. எப்போதோ ஒருநாள் ‘சேமிக்கவா?’ என்ற கேள்விக்கு ஆம் என்று அழுத்தியிருந்தால், நீங்கள் தேடுவது அங்கேயே கிடைக்கலாம்.

எங்கும் வெளியேறாதீர்கள்

பழைய கைப்பேசியிலோ டேப்லெட்டிலோ அந்தக் கணக்கு இன்னும் திறந்தே இருக்கிறதென்றால், அதை அப்படியே விட்டுவிடுங்கள். வெளியேறுவது, உலாவியின் குக்கீகளை (தளங்கள் உங்களை அடையாளம் காண உலாவியில் வைக்கும் சிறு குறிப்புகளை) அழிப்பது, கைப்பேசியைத் தொடக்க நிலைக்கு மீட்டமைப்பது ஆகிய மூன்றும் இந்த நேரத்தில் கூடாது. கூகுள் கணக்காக இருந்தால், ஏற்கெனவே உள்நுழைந்திருக்கும் கைப்பேசியின் திரையில் ‘உள்நுழைய முயல்வது நீங்கள்தானா?’ என்ற கேள்வி வரக்கூடும். ஆம் என்று ஒருமுறை தொட்டாலே பாதி வேலை முடிந்துவிடும்.

மீட்புப் பக்கம்: நான் இடறிய இடம்

சேவையின் முகவரியை நீங்களே தட்டச்சு செய்து உள்நுழைவுப் பக்கத்துக்குச் சென்று, ‘கடவுச்சொல்லை மறந்துவிட்டீர்களா?’ என்பதை அழுத்துங்கள். தேடுபொறியில் கிடைக்கும் உதவி எண்களை அழைக்க வேண்டாம். கணக்கை மீட்டுத் தருவதாகப் பணம் கேட்பவர்களும், உங்களுக்கு வந்த ஓடிபியைச் சொல்லச் சொல்பவர்களும் மோசடிக்காரர்களே; இதில் எனக்கு எள்ளளவும் ஐயம் இல்லை.

பக்கம் திறந்ததும் நான் செய்த தவறு, கையிலிருந்த புதிய கைப்பேசியிலேயே, தங்கியிருந்த விடுதியின் வைஃபையிலேயே முயன்றதுதான். மீட்பு எண்ணின் கடைசி இரண்டு இலக்கங்கள் மட்டும் திரையில் தெரிந்தன. பார்த்தவுடன் அடையாளம் கண்டுகொண்டேன். நான் விட்டுவிட்ட பழைய சிம்மின் எண் அது. ‘வேறு வழியை முயலவும்’ என்பதை அழுத்தினேன். கணக்கு தொடங்கிய மாதத்தைக் கேட்டது, சொன்னேன். நினைவிலுள்ள கடைசிக் கடவுச்சொல்லைக் கேட்டது, அதையும் கொடுத்தேன். இருந்தும், கணக்கு என்னுடையதுதான் என்று உறுதிசெய்ய முடியவில்லை என்ற ஒற்றை வரியே பதிலாக வந்தது. பதற்றத்தில் அடுத்தடுத்து ஏழு முறை முயன்றேன். ஏழாவது முறைக்குப் பிறகு, சிறிது காலம் கழித்து வரும்படி சொல்லிக் கதவைச் சாத்திவிட்டது.

இரண்டு நாள் கழித்து வீட்டுக்குத் திரும்பி, ஆண்டுக்கணக்கில் அந்த மின்னஞ்சலைத் திறந்துவந்த பழைய மடிக்கணினியில், அதே உலாவியில், வீட்டு இணைய இணைப்பில் அமர்ந்து அதே பதில்களை ஓர் எழுத்தும் மாற்றாமல் கொடுத்தேன். இம்முறை புதிய கடவுச்சொல்லை வைக்கும் பக்கம் திறந்தது. நான் சொன்ன பதில் மாறவில்லை. எங்கிருந்து சொன்னேன் என்பது மட்டுமே மாறியிருந்தது. நீங்கள் முன்பு உள்நுழைந்த கருவியில் சேவை வைத்துச்சென்ற குக்கீயும், வழக்கமாக நீங்கள் வந்துபோகும் இணைய இணைப்பின் முகவரியும் (ஐபி முகவரி) உங்களுக்குச் சாட்சி சொல்கின்றன. திருடன் ஒருவன் உங்கள் பழைய கடவுச்சொல்லை எங்காவது பெற்றுவிடலாம்; உங்கள் வீட்டு மேசையிலிருந்து அதைத் தட்டச்சு செய்வது அவனுக்கு எளிதன்று. பழகிய கருவி, பழகிய உலாவி, பழகிய இடம் ஆகியவற்றிலிருந்து முயலும்படி கூகுள் தன் உதவிப் பக்கத்திலேயே சொல்கிறது. அதை நான் முதலில் படித்திருந்தால் இரண்டு நாள் மிச்சமாகியிருக்கும்.

கேள்விகளுக்குப் பதிலளிக்கும்போது, உறுதியாகத் தெரியவில்லை என்பதற்காக எதையும் தாண்டிச் செல்லாதீர்கள். கூகுள் கணக்கைப் பொறுத்தவரை, தவறான ஊகம் உங்களை மீட்பு முயற்சியிலிருந்து வெளியேற்றிவிடாது. தாண்டிச் செல்வதைவிட ஊகிப்பதே நல்லது. கடைசிக் கடவுச்சொல் நினைவில்லையென்றால் அதற்கு முந்தையதைக் கொடுங்கள். எவ்வளவு அண்மையதோ அவ்வளவு நல்லது. பாதுகாப்புக் கேள்விகள் நம்மவர்களுக்குத் தனிச் சிக்கலைத் தருகின்றன. முதல் ஆசிரியரின் பெயரை அன்று ஆங்கில எழுத்துகளில் எழுதியபோது, ழகரத்துக்கு ‘எல்’ போட்டோமா, ‘இசட் எச்’ போட்டோமா, நெடிலுக்கு ஒரு ‘ஏ’ போட்டோமா, இரண்டு போட்டோமா என்பது இன்று யாருக்கு நினைவிருக்கும்? முயலுமுன் ஒரு தாளை எடுத்து, சாத்தியமான எல்லா எழுத்துக்கூட்டல்களையும் எழுதி வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாக அடியுங்கள்.

மைக்ரோசாஃப்ட் கணக்கென்றால், மீட்புப் படிவத்தை ஒரு நாளில் இரண்டு முறை மட்டுமே அனுப்பலாம். ஆகவே முதல்முறையே நிதானமாக நிரப்புங்கள். அண்மையில் நீங்கள் அனுப்பிய மின்னஞ்சல்களின் தலைப்பு வரிகளை அது கேட்கும்; அவற்றைப் பெற்ற நண்பர்களிடம் கேட்டு, உள்ளபடியே எழுதுங்கள். இரட்டைச் சரிபார்ப்பை (கடவுச்சொல்லோடு இன்னொரு குறியீட்டையும் கேட்கும் ஏற்பாட்டை) இயக்கியிருந்தால் அந்தப் படிவம் பயன்படாது என்பதையும் அறிந்துகொள்ளுங்கள்.

மீட்டமைப்பு இணைப்பு மின்னஞ்சலில் வரும் சேவைகளில் ஒரேயொரு எச்சரிக்கை: தாமதமாகிறதே என்று பொத்தானை மூன்று முறை அழுத்தினால் மூன்று மடல்கள் வரும், பல சேவைகளில் கடைசியாக வந்த இணைப்பு மட்டுமே செல்லும். ஒருமுறை அழுத்திவிட்டு, ஸ்பாம் பெட்டியையும் பார்த்துவிட்டுக் காத்திருங்கள்.

உள்ளே நுழைந்தவுடன்

புதிய கடவுச்சொல்லை வைத்த கையோடு மீட்பு எண்ணையும் மீட்பு மின்னஞ்சலையும் மாற்றுங்கள். கைவிட்ட எண்ணை விட்டுவைப்பது ஆபத்தானது. தொலைபேசி நிறுவனங்கள் பழைய எண்களை வேறொருவருக்குக் கொடுத்துவிடுகின்றன, அப்போது உங்கள் ஓடிபி அவருக்குப் போகும். மீட்பு மின்னஞ்சலாக நீங்கள் அன்றாடம் திறக்கும் வேறொரு கணக்கையே கொடுங்கள். அ கணக்குக்கு ஆ கணக்கும், ஆ கணக்குக்கு அ கணக்குமாக இருந்தால், ஒரே நாளில் இரண்டும் பூட்டிக்கொள்ளும்போது திறக்க வழியிருக்காது.

அடுத்து, காப்புக் குறியீடுகள்: கைப்பேசி கையில் இல்லாதபோதும் உள்ளே நுழைய முன்கூட்டியே எடுத்துவைப்பவை. கூகுள் ஒருமுறைக்குப் பத்துக் குறியீடுகள் தருகிறது. ஒவ்வொன்றும் எட்டு இலக்கம், ஒவ்வொன்றையும் ஒருமுறைதான் பயன்படுத்தலாம். மைக்ரோசாஃப்டின் மீட்புக் குறியீடு 25 எழுத்துகளும், ஆப்பிளின் மீட்பு விசை 28 எழுத்துகளும் கொண்டவை. இவற்றைத் திரைப்பிடிப்பாக (ஸ்கிரீன்ஷாட்) எடுத்து அதே கைப்பேசியில் வைப்பதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். கைப்பேசி தொலைந்தால் பூட்டும் சாவியும் ஒன்றாகப் போகும். தாளில் அச்சிட்டு, முக்கிய ஆவணங்களோடு வையுங்கள்.

கடவுச்சொற்களையெல்லாம் ஒரே இடத்தில் பூட்டிவைக்கும் கடவுச்சொல் மேலாளர் செயலி கட்டாயம் தேவை என்பது என் கருத்து. பிட்வார்டன் எனக்குப் பிடித்தது. திறமூல மென்பொருள் (அதன் நிரலை யாரும் பார்க்கலாம்), இலவசப் பதிப்பே போதுமானது, கணினியிலும் கைப்பேசியிலும் ஒரே பட்டியல். எதையும் இணையத்தில் வைக்க விரும்பாதவர்கள் கீபாஸ்எக்ஸ்சி பயன்படுத்தலாம். ஆனால் அது கடவுச்சொற்களை உங்கள் கணினியிலேயே ஒரு கோப்பாக வைப்பதால், அந்தக் கோப்பைப் படியெடுத்துக் காக்கும் பொறுப்பு முழுவதும் உங்களுடையது. மேலாளரையே திறக்கும் முதன்மைக் கடவுச்சொல்லை மறந்தால் பெரும்பாலும் மீட்பே இல்லை என்பதால், அந்த ஒன்றை மட்டும் தாளில் எழுதிப் பூட்டி வைத்திருக்கிறேன்.

பின்சேர்க்கை

இதைப் படித்த சிலர், கடவுச்சொல் சரியாக இருந்தும், இரட்டைச் சரிபார்ப்புக்கான ஆத்தென்டிகேட்டர் செயலி காட்டும் ஆறு இலக்க எண்ணைக் கணக்கு ஏற்க மறுப்பதாக எழுதியிருந்தார்கள். அந்த எண் பெரும்பாலும் 30 நொடிக்கு ஒருமுறை மாறுகிறது; நேரத்தை வைத்தே கணக்கிடப்படுவதால், கைப்பேசியின் கடிகாரம் ஓரிரு நிமிடம் பிசகினாலும் எண் பொருந்தாது. கைப்பேசி அமைப்புகளில் ‘தானியங்கி நேரம்’ என்பதை இயக்கிவிட்டு, அடுத்த எண் தோன்றியவுடன் உள்ளிடுங்கள். அப்படிச் செய்த இருவருக்குக் கணக்கு திறந்துவிட்டது. மூன்றாமவர் பழைய கைப்பேசியை அழித்துவிட்டுப் புதியதில் செயலியை நிறுவியிருந்தார். புதிய செயலியில் அவருடைய கணக்கே இல்லை. அவர் எப்போதோ அச்சிட்டு வைத்திருந்த காப்புக் குறியீடுகளைத் தேடியெடுத்து, அவற்றில் ஒன்றால் நேற்று உள்ளே நுழைந்தார்.