முதுமாணிக்கு முன் ஒரு கம்பியில்லா இணைப்புக் கணக்கு

கம்பியில்லாத் தொடர்பாடலில் முதுமாணி படிக்கப் போகிறவர்கள் நிகழ்தகவு, ஃபூரியர் மாற்றம் (சமிக்ஞையை அதிர்வெண்களாகப் பிரிக்கும் கணிதம்) இரண்டையும் முதலில் தூசு தட்டுங்கள். ஆளை விழுத்துவது பெரும்பாலும் நிகழ்தகவுதான்.

பிறகு ஓர் இணைப்பைக் கையால் கணக்கிடுங்கள். மட்டக்களப்பு வாவிக்கு மேலாக 3 கிலோமீற்றர், 5800 மெகாஹேட்ஸ் என்று வையுங்கள். 20 மட 3, 20 மட 5800 இரண்டையும் (மட என்பது 10 அடி மடக்கை) இந்த அலகுகளுக்கான மாறிலி 32.44 உடன் கூட்டினால் வெற்றுவெளி இழப்பு, அதாவது தடையில்லா வெளியில் தூரத்தால் சமிக்ஞை இழக்கும் அளவு, 117 டெசிபெல் அளவில் வரும். 20 டிபிஎம் (ஒரு மில்லிவாற்றோடு ஒப்பிட்ட வலு, டெசிபெல்லில்) அனுப்பி, இருகரையிலும் 23 டிபிஐ பெருக்கமுள்ள (எல்லாத் திசைக்கும் சமமாக வீசும் அன்டெனாவோடு ஒப்பிட்டது) அன்டெனா வைத்தால் கிடைப்பது -51 டிபிஎம். கடதாசியில் தாராளம்தான்!

ஆனால் நடுவழியில் முதலாம் ஃபிரெனெல் வலயத்தின் (நேர்கோட்டுப் பாதையைச் சுற்றி அலைக்குத் தேவையான வெளி) ஆரை 6.2 மீற்றர், அதில் 60 வீதமாவது தடையின்றி இருக்கவேண்டும். அது இருந்தாலும், தண்ணீரில் தெறித்த அலை நேரலைக்கு எதிர்க்கட்டத்தில் (ஒன்றின் முகடும் மற்றதன் பள்ளமும் சேர) வந்தால் சமிக்ஞை பொத்தென்று விழும். மாரியில் நீர்மட்டம் ஏற, சமிக்ஞை விழும் அன்டெனா உயரமும் மாறும். அன்டெனா உயரத்தை 10 சென்டிமீற்றர் படியாகக் கூட்டி, கிடைக்கும் சமிக்ஞையைப் பைதன் நிரல்மொழியில் வரைந்து பாருங்கள்.