எதிர்மூலையில் திணறிய எஞ்சின்: சரிசெய்த விதம்

என் மாதிரி ரயில் எச்.ஓ. அளவு, 16.5 மி.மீ. இடைவெளித் தண்டவாளம், 12 வோல்ட் டி.சி. மின்சாரம். அதைத் தரும் கன்ட்ரோலர் பக்கம் சீராக ஓடிய எஞ்சின் எதிர்மூலை வளைவில் திணறியது. ஓடும்போதே மல்டிமீட்டர் வைத்துப் பார்த்தால் அங்கே 9 வோல்ட்தான். கோளாறு எஞ்சினில் இல்லை, தண்டவாளத் துண்டுகளை இணைக்கும் ஜாயினர்களில். கறுத்துத் தளர்ந்த ஒவ்வொன்றும் கொஞ்சம் மின்னழுத்தத்தை விழுங்கும்.

கன்ட்ரோலரிலிருந்து பலகைக்கு அடியில் 1.5 சதுர மி.மீ. வயர், சிவப்பும் கறுப்புமாக, முழு நீளத்துக்கும் இழுத்தேன். அதிலிருந்து ஒவ்வொரு மீட்டர் நீளத்துக்கும் ஒரு ஜோடி 0.5 சதுர மி.மீ. வயரை மேலேற்றி, தண்டவாளத்தின் வெளிப்பக்கம் பற்றவைத்தேன். உள்பக்கம் வைத்தால் சக்கர விளிம்பு ஈயப் பொட்டில் ஏறி இடறும். பற்றவைக்கும் இடத்தின் இருபுறமும் சூட்டை உறிஞ்ச ஈரப் பஞ்சு அவசியம். இல்லாவிட்டால் தண்டவாளத்தைப் பிடித்திருக்கும் பிளாஸ்டிக் ஸ்லீப்பர் இளகி, தண்டவாள இடைவெளியே மாறிவிடும். சிவப்பு எப்போதும் ஒரே தண்டவாளத்துக்கு. ஒரு ஜோடி மாறினாலும் ஷார்ட்தான்.

இப்போது அதே மூலையில் 11.7 வோல்ட்.